தலைமாட்டில் இரண்டு கல்

நானூற்றிருபது பேருக்கு ஆக்குகிறவன்
மூன்று கரண்டியோடு எழுந்துவிடுகிறேன்.
மஹ்பூலா கேம்ப்பில் யாரும் நம்பவில்லை.
பண்டாரிக்கே பிடிக்காத சோறா என்று
இரண்டு நாள் சாம்பாரை மோந்து மோந்து தின்றார்கள்.

லீவில் போன இடத்தில், மதுரையில் வெட்டிக்கொண்டேன்.
நூற்று நாற்பத்தோரு கிலோ.
முட்டி இரண்டும் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தன.
"கோணிப்பையாக இருந்ததை
வாழைக்காயாகத் தைத்திருக்கிறேன்.
மேல்வாய் மட்டும் தளர்ச்சிதான், அதற்கு
நீங்கள்தான் காவல்" என்றார் டாக்டரம்மா.

தலையாட்டினேன்.
மயக்கத்தில் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்?

வந்த நாலாம் மாசம், ஒரு வியாழன் ராத்திரி,
அண்டா சுரண்டும்போது அடியில் ஒட்டியிருந்த
ஒரே ஒரு ஆட்டுத்துண்டு.
சும்மா ருசி பார்த்தேன். மேலே அரை டம்ளர் சுலைமானி.
பதினொன்றரைக்குப் படுத்தேன்.

அணைத்துவிட்டு வந்த அடுப்பு
நெஞ்சுக்குழியில் பற்றிக்கொண்டது.
புளித்த நெருப்பு தொண்டைக்கு ஏறி
மூக்குவழி வெளியே வழி தேடியது.
சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே
சுபுஹு பாங்கைக் கேட்டேன்.

போனில் திட்டு விழுந்தது, பிறகு யோசனை:
ராத்திரிச் சாப்பாட்டை ஏழுக்கே முடி,
மூன்று மணி நேரம் நிமிர்ந்திரு,
தண்ணீர் தனியாக, மிடறு மிடறாக,
கைலியை இடுப்பில் இறுக்காதே,
தின்றதும் குனிந்து பாத்திரம் தொடாதே,
காலை மாத்திரையை வெறும் வயிற்றில் மறக்காதே.
தலையணை அடுக்கினால் வயிறுதான் மடியும்,
கட்டிலையே தூக்கு, ஒரு சாண்.

சொல்லிவிட்டார் சுலபமாக.
என் கட்டிலுக்கு மேலே இன்னொரு கட்டில்,
அதன்மேல் மணப்பாட்டு ரோச்.
சைட்டிலிருந்து இரண்டு பிளாக் கல் கொண்டுவந்ததும் அவன்தான்,
எதற்கென்று கேட்காமலே.

முதல் ராத்திரியே சறுக்கிச் சறுக்கி
அவன் கால் இரண்டும் கம்பிக்கு வெளியே தொங்கின.
"காக்கா, தலமாட்டுல கல்ல நட்டுட்டு
இப்பவே மீசான் கல்லுக்கு ஒத்திகையா?"
அறையே சிரித்தது. எனக்கும் வந்தது,
ஆனால் சிரித்தாலும் எதுக்களிக்கும், அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் அவனாகவே
துண்டை முறுக்கி இடுப்புக்கு அணை கட்டினான்.
மூன்றாம் நாள் இருட்டுக்குள்ளிருந்து சொன்னான்:
"வள்ளத்துல அணியம் தூக்கலா இருக்கணும் காக்கா.
தாழ்ந்தாத்தான் தண்ணி உள்ள ஏறும்."
இதைத்தானே டாக்டரம்மா
படம் வரைந்து அரைமணி சொன்னார்!

இப்போது தொண்ணூற்றாறு. அடுப்பு உள்ளே எரிவதில்லை,
ஊறுகாயை வேடிக்கை பார்த்தாலொழிய.

போன மாசம் ரோச் லீவில் போனான்.
ஐந்தாம் நாள் ராத்திரி போன் அடித்தது.
"சமமான கட்டில்ல தூக்கமே வரல.
கொல்லையில ரெண்டு செங்கல் எடுத்தேன்,
அவ பதறிப்போய்க் கேக்குறா:
மறைக்காம சொல்லுங்க, உங்களுக்கு என்ன நோயி?"