காப்பி டப்பா

முதலில் மாற்றியது விசையை.
ஆலை போட்டுக் கொடுத்தது கனம், இழுத்தால் மணல் நறநறக்கும்;
புதியது கண்ணாடிக் குச்சிபோல் முறிந்தது.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

பிப்ரவரியில் கனத்த குழல்.
மார்ச்சில் வால்நட் கட்டை, கன்னம் சாய ஒரு மேட்டோடு.
ஏப்ரலில் போல்ட், அதற்கொரு ஸ்பிரிங்,
அதிர்வை விழுங்க ரப்பர் முளை.
தபால்காரர் டுவேன் கிண்டலை விட்டுவிட்டார்.
கழற்றியதெல்லாம் காப்பி டப்பாவுக்குள்;
பழைய குழலும் கட்டையும் கராஜ் மூலையில்.

சட்டத்துக்கு, எண் பொறித்த உடல்தான் துப்பாக்கி.
மற்றதெல்லாம் வெறும் சாமான்.
மர்லா இதைக் கடையில் கேட்டறிந்து
படிவம் நிரப்பி, வெற்றுடல் ஒன்று வாங்கிவந்து
சமையல் மேசையில் டப்பாவைக் கவிழ்த்தாள்.

லூயிஸ்டனில் வியாழக்கிழமை லீக். ஐம்பது கஜம்.
ஆற்றுப்பக்கமிருந்து குறுக்குக் காற்று.
என் பட்டியலில் இல்லாத ஒன்றைச் செய்திருந்தாள்:
பாயின்ட் டுவென்டி டூ தோட்டாவில்
ஏழு கம்பெனி வாங்கி, எது அந்தக் குழலுக்குப் பிடிக்கிறதென்று
மூன்று ஞாயிறு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

அவள் அட்டையில் ஐந்து துளை, பட்டாணி அகலத்தில்.
என்னுடையதில் நாலு நெருக்கம்;
ஐந்தாவது ஸ்னேக் ஆற்றைப் பார்க்கப் போயிருந்தது.

திரும்பும்போது பின்சீட்டில் இரண்டு துப்பாக்கி.
எது நான் வாங்கியது
என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
"கனம்தான் உன் பழைய விசை,"
பாலத்தில் ஏறும்போது சொன்னாள்,
"வேண்டாமென்றால் விட்டுவிட நேரம் தருகிறது."

டப்பாவைக் கழுவி மறுபடி காப்பித்தூள் கொட்டியிருக்கிறாள்.
இன்னும் லேசாக எண்ணெய் வாசம்.
குடிக்கிறேன்.