மிச்சம் பதினொரு கிராம்

மஞ்சள் தீர்ந்துவிட்டதாம்.
கடிதத்தில் மஞ்சள் ஒரு எழுத்துக்குக்கூட வேண்டாம்,
கறுப்புத்தான், மூன்று பக்கம்
என்று அந்தப் பெட்டிக்கு விளங்கப்படுத்துகிறேன்
தமிழில். பிறகு டொச்சில்.
சின்னத் திரையில் ஒரு துளிப் படம்,
குறுக்கே ஒரு கோடு.
பொத்தானை அமத்தினால்
திரும்பவும் அதே துளி, அதே கோடு.

ஓல்டனில் ஞாயிறு இரவு எட்டரை.
ஆரெ ஆற்றின் மேல் படுத்த பனிப்புகார்
மூன்று நாளாய் எழும்பவில்லை.
ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும்.
பூ வாங்கலாம், வெண்ணெய்ப் பாண் வாங்கலாம்,
நாய்க்குச் சாப்பாடு வாங்கலாம்.
மஞ்சள் மை நாளைக்குத்தான்.
நாளை ஏழு மணிக்கு நான் ஆராவ் ஆஸ்பத்திரியில்,
வலது தோளைத் திறக்கப் போகிறார்கள்.
நாளையோடு தவணையும் முடியுது.

நாற்பத்தொன்பது பிராங்குக்கு வாங்கின பெட்டி.
நாலு நிறமும் மாற்ற எண்பத்தாறு.
யானையை மலிவாய்த் தள்ளிவிட்டு
அங்குசத்தில் உழைக்கிற வியாபாரம்.

தனுசியன் சொல்கிறான்:
அம்மா, அது மையைப் பார்க்கிறதே இல்லை.
துப்பின துளியை மட்டும் எண்ணும்.
இவ்வளவு துப்பியாச்சு,
அப்ப தீர்ந்திருக்கும் என்று ஒரு மதிப்பீடு.

மதிப்பீடு.
அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
கடிதத்தின் இரண்டாம் பந்தியில் நாலு தரம் இருக்கு.

பதினேழு வருசம் சீஸ் வெட்டி நிறுத்த கை இது.
குசினித் தராசை எடுத்தேன்.
போன வருசம் பள்ளிக்கூட வேலைக்கென்று
தனுசியன் வாளால் பிளந்த பழைய மைக்கூடு,
உள்ளே பஞ்சு காய்ந்து பொருக்காகி, பத்து கிராம்.
இன்றைக்குத் தீர்ந்ததாகச் சொல்லப்படும் மஞ்சள்
இருபத்தொன்று.
மிச்சம் பதினொரு கிராமை
இல்லை என்று சத்தியம் பண்ணுது.
வெறுமை என்ற சொல்லின் அடியிலும்
கொஞ்சம் மை இருக்கு.

டாக்டர் ராம்சயர் ஒன்றையும் நிறுக்கவில்லை.
கையை உயர்த்துங்கள் என்றார்.
உயர்த்தினேன், காது மட்டும்.
இருபத்திரண்டு நிமிசம். மணி பார்த்தது நான்.
பிறகு காப்புறுதி அலுவலகத்திலிருந்து வந்தது:
பொருத்தமான வேலையில் எண்பது வீதம் இயலும்.
இரவில் போர்வை இழுக்க
இடது கையைக் கூப்பிடுகிறேன் என்பதை
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை. டொச்சில் போர்வைக்கு
என்ன சொல் என்று அந்த நேரம் வரவில்லை.

இருக்கிறதை இல்லை என்கிறது பெட்டி.
இல்லாததை இருக்கு என்கிறது அலுவலகம்.
இரண்டுக்கும் காசு கட்டுறது நான்.

மஞ்சளைக் கழற்றி, தட்டி, திரும்பப் போட்டேன்.
தலையைச் சுத்தம் செய்கிறேன் என்று
பத்து நிமிசம் முனகியது.
அதுக்கும் என் மையையே குடித்தது.
இப்போ சிவப்பும் குறைவாம்.

பத்து மணிக்கு
கணக்குக் கொப்பியில் தாள் கிழித்துப்
பேனை எடுத்தேன்.
கணினியைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.
ஊவன்னாவுக்கு மேல் இரண்டு புள்ளி,
ஆவன்னாவுக்கு மேல் இரண்டு புள்ளி.
புள்ளி வைத்தால் எங்கள் எழுத்து வாயை மூடும்.
இவர்களுடையது உதட்டைக் குவிக்குது.

முதல் பக்கம் கோட்டில் நிற்குது.
இரண்டாம் பக்கத்தின் நடுவில்
எழுத்து சரியத் தொடங்குது.
மூன்றாவதில் ஒவ்வொரு வரியும்
வலப்பக்கம் கீழே கீழே இறங்கி,
ஆற்றுக்குப் போகிற படிமாதிரி.
நான் வடிவாய் எழுதித் தரட்டோ என்றான் தனுசியன்.
வேண்டாம்.
அது இப்பிடியே போகட்டும்.

கையெழுத்துப் போட்டு முடிய பதினொன்று இருபது.
மேசையில் மைக்கூடு எப்ப சரிந்ததோ,
உறையின் மூலையில் ஒரு சொட்டு
மஞ்சள்,
நல்ல தடித்த மஞ்சள், பரவிக்கொண்டிருந்தது.

நான் துடைக்கவில்லை.