மருதாணிக்காரியின் கை

மருதாணிக்குள் மரு இருக்கிறது.
சிலிம் ரிவரில் தீபாவளிச் சந்தைக்கு
ஒன்பது நாள் இருக்கையில்தான் கவனித்தேன்.
பேனர் அடித்தவன் இடம் போதாமல்
'தாணி'யை அடுத்த வரிக்குத் தள்ளியிருந்தான்.
மேலே கொட்டை எழுத்தில் 'மரு'.
கீழே, கை ஒன்றுக்குப் பத்து வெள்ளி.

என் வலக்கையில் ஏழு.
கோன் பிடிக்கும் விரலின் ஓரத்தில் மூன்று,
கட்டைவிரல் நகத்தடியில் பூக்கோசுபோல் ஒன்று,
மற்றவை அங்கங்கே,
நமக்கும் ஒரு பங்கு என்று வந்து உட்கார்ந்தவை.

பீடோரிலிருந்து வந்த ஒரு தாய்
எதுவும் கேட்கவில்லை.
மகளின் கையை மட்டும்
மெல்லத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
ஆமாம், ஒட்டும்.

அன்றிலிருந்து கையுறை.
பால்மரமெல்லாம் சாய்த்துச்
செம்பனை நட்டு எத்தனையோ வருஷமான ஊரில்
எனக்கு மட்டும் ரப்பர் திரும்ப வந்தது.

வீட்டுக்காரர் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார்.
"பேட்டரித் தண்ணி ஒரு சொட்டு வை, ஓடிப்போயிரும்."
"வெரலும் சேந்து ஓடிரும்" என்றேன்.
பார்மசி லிம் ஒரு குட்டிப் புட்டி தந்தார்:
ராத்திரி தடவு, காலையில் சுரண்டு, மூன்று மாசம்.
புட்டி பதினெட்டு வெள்ளி.
மூன்று மாசத்தை நான்தான் எங்காவது தேட வேண்டும்.

உப்பும் மிளகும் பொட்டலம் கட்டி
மாரியம்மன் கோயிலில் போட்டேன்.
உப்பு கரைகிற மாதிரி கரையுமாம்.
அன்றைக்குச் சரியான மழை.
உப்பு கரைந்தது.
மிளகு அப்படியே கிடந்தது, கறுப்பாக, உருண்டையாக,
என் விரலைப் பார்த்துச் செய்ததுபோல்.
தாயே,
உடம்பெல்லாம் கொப்புளம் வந்தால்
முத்து என்று கொஞ்சச் சொல்கிறாய்.
இதற்கு மட்டும் ஏன் ஒரு செல்லப்பெயர் இல்லை?

கிளினிக்கில் டாக்டர் நோராய்டா
புகை கக்கும் குடுவையோடு வந்தார்.
"சாக்கிட் சிக்கிட்" என்றார்.
சிக்கிட் இல்லை.
பனி இப்படிச் சுடும் என்று
வெயிலில் பிறந்த எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?
மரு ஒன்றுக்கு நாற்பது வெள்ளி.
மூன்று தவணையில் நாலு உதிர்ந்தது.
உதிர்ந்ததில் ஒன்று
குட்டியோடு திரும்பி வந்தது.
ஆக, ஐந்து.

மண்டபத்தில் பெரிய கல்யாணம் ஒன்று ஒப்புக்கொண்டிருந்தேன்.
இரண்டு நாள் முன்னால், ராத்திரி,
இடக்கையால் வலக்கைக்கு வரைந்தேன்.
ஒவ்வொரு மருவையும் நடுவில் வைத்துச்
சுற்றி ஆறு இதழ்.
பூவுக்குள் பூவாக ஒளிந்துகொள்ளட்டும் என்று.

தடித்த தோல் சாயத்தை அதிகம் குடிக்கும்.
தொழில் தெரிந்தவள், எனக்கே மறந்துவிட்டது.
இதழெல்லாம் ஆரஞ்சு.
நடுவில் ஐந்தும் கன்னங்கரேல் என்று
கண் விழித்துப் பார்த்தன.
நல்லா செவந்தா புருஷனுக்கு ஆசை அதிகம் என்பார்கள்.
அப்படிப் பார்த்தால்
இந்த உலகத்தில் என்மேல் உயிராய் இருப்பது
இந்த ஐந்துதான்.

மணப்பெண் யாழரசி
கையுறை மாட்டுவதற்குள் பார்த்துவிட்டாள்.
நான் கோனைக் கீழே வைத்தேன்.
"அக்கா, அந்த டிசைன் எனக்கும் வேணும்.
நடுவுல கறுப்பா, அதே மாதிரி."

மெல்லிய தோலில் அந்தக் கறுப்பு லேசில் வராது.
காயக் காயப் புள்ளிமேல் புள்ளி வைத்து,
சீனியும் எலுமிச்சையும் தொட்டு,
விடிய விடிய உட்கார்ந்தேன்.
கடைசிவரை
என்னுடையது அளவுக்கு வரவில்லை.

இப்போது எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.
கையுறைக்குள்ளிருந்து வரைகிறேன்.
திங்கட்கிழமை நாலாவது தவணை,
எட்டரைக்கு நம்பர் எடுக்க வேண்டும்.

பேனரை மாற்றவில்லை.
மாற்ற நாற்பது வெள்ளி கேட்கிறான்,
ஒரு மருவின் விலை.