காலி

மார்ச் மாதம். இரவு இரண்டே கால்.
கெரெடிகியான் மலைச்சரிவில்
விளக்கு எரிந்த ஒரே கொட்டகை அதுதான்.
என் வண்டி சேற்றில் சறுக்கி நிற்கும்போதே
கதவுக்கு வெளியே வந்துவிட்டாள் லினோஸ்,
முழங்கைவரை அயோடின் பழுப்பு.
"தலை வருது, கால் வரல."
குட்டி ஈனும் மாதத்தில்
யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை.

வைக்கோலில் முட்டி போட்டு
ஆட்டுக்குள் கைவிட்டுத்
தேடிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன்.
மருந்துப் புட்டிகளுக்கும்
பால் புகட்டும் குழாய்க்கும் நடுவில்
ஒரு சாண் உயரத்தில் அவள்.
நான்கு கை. வாள் எப்போதோ ஒடிந்துபோய்
அந்தக் கையில் ஒரு தீக்குச்சி.
கபால மாலைக்கு மேல் இன்னொரு மாலை,
மஞ்சள் பிளாஸ்டிக்கில்:
இந்த வருடம் செத்த ஆடுகளின் காது வில்லைகள்,
எண்ணோடு, கட்டுக்கம்பியில் கோத்தது.

"அபெரிஸ்ட்வித்ல, பழைய சாமான் கடையில,
ரெண்டு பவுண்டு" என்றாள் கேட்காமலே.
"பேய்ப் பொம்மைன்னு நினைச்சு வித்தாங்க.
நான் நாக்கைப் பார்த்தேன், வாங்கிட்டேன்.
குட்டி போட்டதும் தாய் நக்குமே,
அந்த நாக்கு."

எனக்குத் தெரிந்த கதையில்
அந்த நாக்கு நக்கியது வேறு.
சொல்ல வாய் திறந்தேன்.
விரலில் ஒரு குளம்பு தட்டியது.

"காலி, கொஞ்சம் பாரேன்" என்றாள் அலமாரியிடம்,
வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவளைக்
கூப்பிடுகிற மாதிரி.

காலி.
பால் தீர்ந்த பாத்திரம், ஆள் போன வீடு,
பேருந்தில் அதிர்ஷ்டத்துக்குக் கிடைக்கும் இருக்கை.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
"ளி" என்றேன். "நாக்கை உள்ளே மடிக்கணும்."
மடித்துப் பார்த்தாள். எச்சில்தான் வந்தது.
அலமாரிப் பக்கம் தலையை ஆட்டினாள்:
"அவளே மடிக்கலையே."

அவள் பெயரின் முதல் எழுத்து
என் வாய்க்குள் இல்லாத எழுத்து.
நாக்கை மேலே ஒட்டி
ஓரமாகக் காற்றை ஊத வேண்டுமாம்.
மூன்று வருடமாகத் தப்பாகத்தான் கூப்பிடுகிறேன்.
ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை.

கால் வந்தது. குட்டி வந்தது.
மூச்சு வரவில்லை.
மூக்கில் வைக்கோல் நுழைத்தோம்,
பின்னங்காலைப் பிடித்துச் சுழற்றினோம்,
ஊதினோம்.
தாய் எழுந்து நக்கத் தொடங்கியது.
நக்கிக்கொண்டே இருந்தது.

லினோஸ் கத்தியை எடுத்தாள்.
செத்த குட்டியின் தோலை,
தூங்கும் பிள்ளைக்குச் சட்டை கழற்றுவது போல,
கால் துளைகள் கிழியாமல் உருவினாள்.
சிவப்பு விளக்கின் அடியில் ஒரு பெட்டி.
அதற்குள் நேற்றே தாயை இழந்த இன்னொன்று,
குரல் கம்மும்வரை கத்தி ஓய்ந்தது.
அதற்கு மாட்டிவிட்டாள் அந்த ஈரத்தை.
கால்கள் சரியாக நுழைந்தன.
கழுத்தில் மட்டும் கொஞ்சம் தொளதொள.

ஆடு முகர்ந்தது.
ஓர் அடி பின்னால் போனது.
வாலடியில் மறுபடி முகர்ந்தது.

எனக்குத் தெரியும் அது வேறு குட்டி என்று.
லினோஸுக்குத் தெரியும்.
குட்டிக்குத் தெரியாமல் இருக்குமா?
ஆட்டுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.
ஆனாலும் நின்றது, கால்களை அகற்றி,
மடியை விட்டுக் கொடுத்து.
இரவல் தோலுக்கு உள்ளிருந்து
சொந்த வால் ஆடியது.

தேநீருக்கு அடுப்பைப் பற்றவைக்க
அவள் கையிலிருந்த வாளை உருவினாள் லினோஸ்.
உரசினாள். பற்றியது.
பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து
அதே கையில் செருகினாள்,
ரத்தம் காயாத விரலால்.

திரும்பும் வழியில், மலைவளைவில்,
வண்டியை ஓரங்கட்டினேன்.
கேட்க யாருமில்லை.
நாக்கை மேலே ஒட்டி
அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன்.
வெறும் காற்றுதான்.
முன் கண்ணாடியில் ஒரு கை அகலத்துக்குப் பனித்தது,
கொஞ்ச நேரம்.