இடைச்செருகல்

ஏடு பார்த்துப் பதிப்பிக்கிறவர்கள்
இந்தச் சொல்லை முகம் சுளித்துத்தான் சொல்வார்கள்.
பிற்காலத்தில் எவனோ நுழைத்தது,
பாட்டைக் கெடுத்தது.

டன்டீயில் இதற்கு விண்ணப்பப் படிவம் உண்டு.
மருத்துவப் படிப்பின் மூன்றாம் ஆண்டுக்கும்
நான்காம் ஆண்டுக்கும் நடுவே
ஒரு வருஷ அகலத்துக்குப் பிளந்து
அதில் இன்னொரு பட்டத்தைச் சொருகலாம்.
எந்தப் பட்டம் என்று
வெள்ளி நண்பகலுக்குள் சொல்லியாக வேண்டும்.

ரோனா பெட்ரிக்கு மயக்கவியல்.
அது முதலாண்டிலேயே முடிவானது.
அறுவை அரங்கில் எல்லாரும் கத்தியைப் பார்த்தபோது
அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.
சரி, மயக்கவியலுக்கு முன்னால் எதைப் படிப்பது?
பட்டியலில் பதினான்கு.

அறைத்தோழன் இன்னஸ் எலும்புக்காரன்.
உடற்கூறியலுக்குப் போன மாதமே பெயர் கொடுத்துவிட்டான்.
"உடலியங்கியல் எடு. இல்லாவிட்டால் மருந்தியல்.
மெய்யியல் எடுத்தாயோ, நேர்காணலில் சிரிப்பார்கள்."
யொஹான்னா தேநீரைக் கலக்கியபடி கேட்டாள்:
"ஐந்து வருஷம் கழித்து மயக்கவியலே பிடிக்காமல் போனால்?"
ஆர்ப்ரோத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும் அப்பா
ஒரே சொல்லில் செய்தி அனுப்பினார்:
"வாடகை?"

புதன்கிழமை. இரண்டாம் எண் அரங்கு.
டாய்க், பேருந்து ஓட்டுநர், குடலிறக்கம்.
முகமூடியைப் பிடித்துக்கொள்ளும் வேலை ரோனாவுக்கு.
பால் நிற மருந்து குழாயில் இறங்கியது.
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள்.
பத்து.
ஒன்பது.
எட்டு என்றவர் ஏதோ நிறுத்தத்தின் பெயரையும் முணுமுணுத்தார்.
ஏழு

பிறகு ஒரு மணி ஐம்பது நிமிடம்.
ஐந்து நிமிடத்துக்கொரு முறை
நாடியும் அழுத்தமும் எழுதினாள்.
யாரோ வார இறுதி மழையைப் பற்றிப் பேசினார்கள்.
தையல் போட்டார்கள். பஞ்சு எண்ணினார்கள்.
குழாயை எடுத்தார்கள். கட்டிலைத் தள்ளினார்கள்.
மீட்பறையில் டாய்க் இருமினார், கண்ணைத் திறந்தார்,
"ஆறு" என்றார்.

பிறகு அவளைப் பார்த்துச் சற்றுக் கோபமாக:
"எப்போது ஆரம்பிப்பீர்கள்?"

அன்று அவள் பேருந்து ஏறவில்லை.
டே ஆறு வற்றிக் கிடந்தது, சேற்றில் பறவைகள்.
அடுத்த ஆண்டு இந்நேரம்
இன்னஸும் யொஹான்னாவும் வார்டுகளில் இருப்பார்கள்.
அதற்கடுத்த ஆண்டு அவள் திரும்பிவருவாள்,
தெரியாத முகங்கள் நிறைந்த வகுப்பில் உட்கார்ந்து
விட்ட இடத்திலிருந்து ஆறு என்பாள்.
அவர்களுக்கு அதற்குள் எண்ணியே முடிந்திருக்கும்.

நிலவை வைத்து மாதம் எண்ணுகிறவர்கள்
சில ஆண்டுகளில் ஒரு மாதத்தைக் கூடுதலாக நுழைப்பார்கள்.
அதில் கல்யாணம் வைப்பதில்லை, வீடு குடிபுகுவதில்லை.
ஆனால் அந்த உதவாக்கரை மாதம் இல்லாவிட்டால்
அறுவடைத் திருநாள் மெல்ல நகர்ந்து
விதைப்பில் வந்து நிற்கும்.
ரோனாவுக்கு இது தெரியாது.
எனக்குத் தெரியும், அவளிடம் சொல்ல வழியில்லை.

வியாழன் இரவு படிவத்தைத் திறந்தாள்.
ஏன் இந்தப் பட்டம்? இருநூறு சொற்களுக்குள்.
"என் வருங்காலத் துறைக்கு இது பொருத்தமானது"
என்று போன வாரம் எழுதியதை அழித்தாள்.
டாய்க்கின் பெயரைச் சொல்லாமல்,
ஒருவர் ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே
எங்கேயும் இல்லாமல் இருந்தார் என்றும்
அந்த நேரம் முழுக்கத் தான் அங்கேயே இருந்ததாகவும்
அது என்ன என்று தெரிய வேண்டும் என்றும் எழுதினாள்.
நூற்றறுபது சொற்கள் மிச்சம்.

உடலியங்கியலுக்கு நேரே குறியிட்டாள்.

இன்னஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து,
"நான் அன்றைக்கே சொன்னேனே" என்றான்.
சொன்னாய்தான், என்றாள்.

அப்பாவுக்குப் பதில் போட்டாள்:
சனி, ஞாயிறு ரொட்டிக்கடையில் வேலை கிடைக்கும்,
மீதிக்குக் கடன்.
வெகுநேரம் பதிலில்லை.
நள்ளிரவு தாண்டி வந்தது:
"அந்தப் பழைய கட்டிலேதானா, ஒரு வருஷம் கூடுதலாக?
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கால் ஆடுகிறதே அதற்கு."