தங்கள் கடிதம் கிடைத்தது

திங்கள் இரவு ஏழரை.
புளோக்கின் கீழ்த்தளத்தில்
மடக்கு மேசைகளை விரிக்கிறோம்.
பகலெல்லாம் சரக்குப் பெட்டிகளுக்குப் பட்டியல் போடும் கை
இங்கே அடுத்தவர் குறைக்கு வாக்கியம் போடுகிறது.
சம்பளம் கிடையாது.
ஒன்பது மணிக்கு ஒரு மைலோ பாக்கெட்,
சில வாரம் கறிபஃப்.

எண் இருபத்து மூன்று.
புவான் ரொக்கியா உட்காருமுன்பே சொன்னார்:
"அந்த பஸ்ஸை எடுத்துட்டாங்க."
எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை.
அன்றைக்கு அதைச் சொன்ன ஏழாவது ஆள் அவர்.

கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
முன்பு புளோக் எதிரே ஏறி
நிலையத்து எதிரே இறங்கினார்கள்.
இப்போது ஒரு மாற்று பஸ், ஒரு மேம்பாலம்,
அப்புறம் பதினான்கு நிமிட நடை.
"போகும்போது பதினாலு.
ரத்தம் கழுவித் திரும்பும்போது முப்பது."

எழுதினேன்.
முப்பது என்பது கடிதத்துக்கு ஒவ்வாத சொல்லாய்த் தோன்ற
அடித்துவிட்டுச் 'சிரமம்' என்று போட்டேன்.
உறுப்பினர் தியோ கையெழுத்திடுமுன் படித்தார்.
சிரமத்தை அடித்தார்.
மேலே, தன் பேனாவால், முப்பது.

ஐந்து வாரத்தில் பதில்.
தங்கள் கடிதம் கிடைத்தது.
ஒரு நடைக்குச் சராசரி ஆறு பயணிகளே.
ஆறு பேரில் ஒருவர்
நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உறங்குபவர் என்று
சராசரிக்கு எப்படித் தெரியும்?

ஒரு வியாழன், மூன்றரை மணி வெயில்.
ஹாஜி சுலோங்கோடு உறுப்பினரும் நடந்தார்.
படம் எடுக்க யாரும் வரவேண்டாம் என்றிருந்தார்;
குறிப்பெடுக்க நான்.
முதல் நிறுத்தம்: மின்பெட்டி, சாய்ந்துகொள்ள.
இரண்டாவது: யாருடையதோ சைக்கிள்.
மூன்றாவது ஒரு மழைமரம்;
அங்கே மூவரும் பேசாமல் நின்றோம்.
முப்பத்தொரு நிமிடம்.

ஜூன் பிறந்ததும் டெங்கி.
மின்தூக்கிக்குப் பக்கத்தில் சிவப்புப் பதாகை ஏறியது.
பதினொன்று, பத்தொன்பது, முப்பத்தெட்டு.
மாடி மாடியாகக் கதவைத் தட்டினோம்.
"பூச்சாடித் தட்டைக் கவிழ்த்துடுங்க, அம்மா.
துணிக்கம்பு சொருகும் குழாயையும் பாருங்க."
பன்னிரண்டாம் மாடியில் ஒருவர்
கதவுக் கம்பிக்குப் பின்னிருந்து கேட்டார்:
"உங்க ஆபிஸ்ல பார்த்தீங்களா?"

பார்த்தோம்.
திறப்பு விழாவுக்கு யாரோ தந்த அதிர்ஷ்ட மூங்கில்.
கண்ணாடிக் குடுவையில், வேருக்கு நடுவே
கொக்கிகளாய் நெளிந்தன.
அந்த மேசையில்தான்
சுற்றுப்புற வாரியத்துக்குக் கடிதங்கள் எழுதியிருந்தேன்,
'உடனடி நடவடிக்கை தேவை' என்று.

அபராதம் வந்தது. கட்டினார்.
மேல்முறையீடு எழுதட்டுமா என்றேன்.
பதிலுக்கு வெள்ளைத்தாள் கேட்டார்.
மறுநாள் அறிவிப்புப் பலகையில் நான்கு மொழியில்:
என் அலுவலகம். ஒன்பது புழுக்கள். தியோ.
தமிழை எழுதித் தந்தது நான்;
'புழு'வில் ழகரம் கோணியிருந்தது,
அவரே பார்த்து வரைந்தது.

பஸ் திரும்பி வரவில்லை.
எட்டு மாதம், பதினொரு கடிதம்,
அப்புறம் மழைமரத்தடியில் ஒரு கல் இருக்கை
கூரையோடு வந்தது.
வெற்றி என்று நான் சொல்லமாட்டேன்.
இருக்கைக்குச் சக்கரம் கிடையாது.

போன திங்கள். எண் நான்கு.
ஹாஜி சுலோங்கே வந்திருந்தார்,
கையில் கட்டு, தலையில் சொங்கோக்.
இருக்கை நன்றாக இருக்கிறதாம்.
சாயவும் முடிகிறதாம்.
"ஆனா பின்னாடி வடிகால்ல தண்ணி நிக்குது, தம்பி.
கொசு."

எந்த வாரியத்துக்கு என்று திரும்பிப் பார்த்தேன்.
உறுப்பினர் நெற்றியைத் தேய்த்தார்.
"ரெண்டுக்கும்," என்றார்.
"ஒருத்தர் கடிதத்தை இன்னொருத்தர் படிக்கட்டும்."
மைலோவில் உறிஞ்சுகுழலைக் குத்திக்கொண்டு
முதல் வரியைத் தொடங்கினேன்.
கொசு என்றே எழுதினேன்.