ஏழாம் குழியில் எட்டு

ஐந்தே முக்காலுக்குத் தியவன்னாக் கரையில்
பனி இல்லை. கொழும்பில் பனி ஏது,
புல்லிலிருந்து எழும் ஆவிதான்.
சப்பாத்து நுனி இரண்டும் அதற்குள் நனைந்துவிட்டன.
இரவுக் கடமை முடித்து நேரே வந்திருக்கிறேன்.
கையுறை கழற்றிய கைக்கு இன்னொரு கையுறை,
இது இடதுக்கு மட்டும்.

சவரியான் முன்னமே வந்து
மாரா மரத்தடியில் இடுப்பை முறித்துக்கொண்டிருந்தார்.
காப்புறுதிக்காரர்.
எந்த நட்டத்தையும் முதல் கடிதத்தில் ஒப்புக்கொள்ளாதவர்.
இரண்டு பைகளையும் சுமந்து சுனேத்,
வெலிக்கடைப் பொடியன்.
என் வீச்சை அவன் பார்ப்பதில்லை,
பந்து போய் விழும் இடத்தைத்தான் பார்ப்பான்.
அந்தக் கண்ணை நம்பித்தான் நான் அடிக்கிறேன்.

முதல் ஆறு குழி பற்றி எழுத ஒன்றுமில்லை.
மணலுக்குள் ஒருதரம்.
நான்காவதில் ஒரு கபரக்கொய்யா
கொடிக்கும் என் பந்துக்கும் நடுவால்
கந்தோருக்குப் பிந்திவிட்ட எழுதுவினைஞர் மாதிரி,
ஆனால் கொஞ்சமும் அவசரப்படாமல், நடந்து போனது.
மூவரும் ஒதுங்கி நின்று வழிவிட்டோம்.

ஏழாவது வாவிக்கு அப்பால்.
நூற்று நாற்பது யார், முழுக்கத் தண்ணீர்.
அக்கரையில் மருதமரங்கள்
வேரை நீரில் ஊறப் போட்டிருந்தன.
அவற்றுக்கும் மேலே, தூரத்தில்,
பாராளுமன்றத்தின் செப்புக் கூரை
யாருக்காகவோ வெளுத்துக்கொண்டிருந்தது.

ஒன்று: தண்ணீர்.
சத்தம்கூட ஒரு மரியாதைக்குத்தான் கேட்டது.
தண்டம் சேர்த்து இரண்டு.
மூன்றாவது மருதந்தண்டில் 'டொக்' என்று பட்டு
வேர்களுக்கிடையே விழுந்தது.
அவர்கள் இருவரும் பாலத்தில் வந்துகொண்டிருக்க
நான் முன்னே போய்க் குனிந்தேன்.
பந்தின்மேல் ஒரு காய்ந்த இலை.
விலக்கினேன்.
பந்து ஒரு நெல்லின் பருமன் உருண்டது.

பார்த்தது ஒரு நீர்க்காகம்.
அதுவும் சிறகைக் காயவிட்டு
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

நாலு.
வேருக்குள்ளிருந்து கிள்ளி எடுத்த அடி ஐந்து.
புல்வட்டத்தில் மூன்று தட்டு.
"ஆறு எண்டு போடுவம், டொக்டர்,
இரவு முழுக்க நித்திரை இல்லைத்தானே" என்றார் சவரியான்.
"எட்டு" என்றேன்.
"எட்டு எப்பிடி? நான் எண்ணினா ஏழுதானே வருது!"

இரவு ஒரு மணிக்கு,
ஒரு பஸ் நடத்துநரின் கிழிந்த மண்ணீரலை எடுத்துவிட்டு
வயிற்றை மூட ஊசியைக் கேட்டேன்.
சிஸ்டர் மல்காந்தி தரவில்லை.
துணிகளை எண்ணினாள். இருபத்தொன்பது.
திரும்ப எண்ணினாள். இருபத்தொன்பது.
முப்பது திறந்திருந்தோம்.
குடலுக்குள் கைவிட்டுத் தேடினேன்,
வாளிகளைக் கொட்டித் தேடினார்கள்,
மயக்க மருந்துக்காரர் மணிக்கூட்டைப் பார்ப்பதும்
என்னைப் பார்க்காததுமாக இருந்தார்.
நாற்பது நிமிடம்.
என் செருப்பின் அடியில் ஒட்டிக்கிடந்தது முப்பதாவது.

இதையெல்லாம் சவரியானிடம் சொல்லவில்லை.
"இலை ஒண்டு" என்றேன்.
அவர் எட்டு என்று எழுதிவிட்டு
அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்,
அடுத்தவர் வீட்டுக் கடிதம் போல.

எட்டாம் மேட்டுக்கு ஏறும்போது
சுனேத் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் துடைத்தான்.
எழுத்துக்குக் கீழே இரண்டு நீலப் புள்ளி,
என் பேனாவால் நான் வைத்தவை.
போன மாசம் இதே வாவியில் போனது.
இரவில் பொடியன்கள் முக்குளித்து எடுப்பார்களாம்.
"நூற்றைம்பது."
"என்ர பந்துதானே இது?"
"உங்கடதான். ஆனா கிடந்தது தண்ணிக்குள்ள.
தண்ணிக்கும் ஏதாவது குடுக்க வேணுமே, டொக்டர்."

நூறு இருந்தது, கொடுத்தேன். ஐம்பது கடன்.
அதைத் தன் சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டான்.
அதே பந்தை முளையில் வைத்தேன்.
இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர்.
சுனேத் எனக்கு முதுகைக் காட்டி
ஏற்கெனவே தூரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.